கோப்பை தவறினால் 3 செக்கன் தண்டம் போதுமா? கெற்றப்போல் (உண்டிவில்) போட்டிக்கு ஒரு கணக்கு வேணும்

வவுனிக்குளத்தான்:
பெரும்போகம் வெட்டி முடிந்து வயல் சும்மா கிடக்கிறது. பின்னேரமானால் பெடியள் கெற்றப்போலும் கையுமாகத் திரிகிறார்கள். மயிலுக்கும் கொக்குக்கும் அடித்து வம்பில் மாட்டப்போகிறார்கள் என்று பயந்து, நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு போட்டி வைக்க யோசித்தோம். யோசனை வந்தது ஒரு வீடியோவில் இருந்து. அமெரிக்காவில் இருக்கிற முள்ளியவளையான் அண்ணை முன்பு இங்கே போட்டாரே, அங்கே துவக்கால் இரும்புத் தகடுகளைக் கெதியாகச் சுடுகிற போட்டி, அதுதான். ஐந்து தகடு, ஓர் ஆள், படபடவென்று அடித்துவிட்டு நிற்கிறார், பிறகு திரும்பவும் அதையே அடிக்கிறார், பிறகும் அதையே. நான் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். அம்மா வீட்டில் இருக்கும்போது வெடிச் சத்தம் உள்ள எதையும் போனில் போடுவதில்லை, அது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அதனால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, யார் வென்றது, ஒன்றும் விளங்கவில்லை.

அண்ணை, அதற்குப் புள்ளி எப்படிப் போடுவார்கள்? எங்களிடம் பழைய எனாமல் கோப்பைகள் நாலும் ஒரு உழவு மெசின் டிஸ்க் தட்டும் இருக்கின்றன. அவ்வளவுதான் சொத்து.

முள்ளியவளையான்:
தம்பி, சத்தம் இல்லாமல் பார்த்தால் விளங்காதுதான், அந்த விளையாட்டே சத்தத்தில்தான் நடக்கிறது. ஆளைப் பார்த்து “ஆர் யூ ரெடி” என்று கேட்பார்கள், “ஸ்டாண்ட் பை” என்பார்கள், ஒன்றிரண்டு செக்கன் கழித்து டைமர் பீப் அடிக்கும். அங்கே தொடங்குகிறது நேரம். டைமருக்குள் ஒரு மைக் இருக்கிறது, ஒவ்வொரு வெடிக்கும் அது நேரத்தைக் குறித்துக்கொண்டே போகும். கடைசி வெடியின் நேரம்தான் உமது நேரம்.

இதற்குப் பெயர் ஸ்டீல் சலஞ்ச். 1981இல் கலிபோர்னியாவில் மைக் டால்ட்டன், மைக் ஃபிச்மன் என்ற இரண்டு பேர் தொடங்கியது. புள்ளி என்று ஒன்று கிடையாது, செக்கன்தான் புள்ளி. குறைந்தவன் வென்றவன். ஐந்து தகட்டில் ஒன்று நிறுத்தற் தகடு, அதைக் கடைசியாக அடிக்கவேணும். மற்ற நாலையும் எந்த ஒழுங்கில் அடித்தாலும் சரி. ஒரு தகடு தவறினால் 3 செக்கன் கூட்டுவார்கள். நிறுத்தற் தகட்டை அடித்த பிறகு “ஐயோ, அந்த மூலைத் தகடு விடுபட்டுப்போச்சு” என்று திரும்பி அடித்தாலும் எடுபடாது, அதுவும் தவறியதாகத்தான் கணக்கு. ஓர் ஓட்டத்துக்கு, அதாவது ஒருதரம் தொடங்கி முடிக்க, உச்சம் 30 செக்கன், அதற்கு மேல் எழுதமாட்டார்கள்.

ஒரே தகடுகளை ஐந்து தரம் சுடவேணும், அதில் ஆக மோசமான ஓட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்ச நாலையும் கூட்டுவார்கள். இப்படி வைத்துக்கொள்ளும்: 3.12, 2.98, 3.05, 2.91. ஐந்தாவதில் 3.40 வந்து ஒரு தகடும் தவறிவிட்டது, ஆக 6.40. அந்த 6.40 போய்விடும், மிச்சம் 12.06. ஒரு பிழைக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவது ஓட்டத்திலும் ஒன்று தவறியிருந்தால் 15.06. அந்த ஒரு தகட்டால் அட்டவணையில் எவ்வளவோ கீழே போய்விடுவீர்.

எட்டு விதமான தகட்டு அமைப்புகள் இருக்கின்றன, எந்த ஊரில் சுட்டாலும் அதே தூரம், அதே அளவு. ஸ்மோக் அண்ட் ஹோப் என்ற ஒன்றில் 18க்கு 24 அங்குலப் பெரிய தகடுகள் கிட்ட நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் போல இருக்கும், அதில்தான் அவசரப்பட்டு நான் ஒவ்வொரு முறையும் மண் கவ்வுகிறேன். அவுட்டர் லிமிட்ஸ் என்பதில் 35 யார் (32 மீற்றர்) தூரத்திலும் தகடு உண்டு, சில துவக்குப் பிரிவுகளில் நடுவில் ஒரு கட்டத்தில் இருந்து மற்றக் கட்டத்துக்கு ஓடவும் வேணும். அதற்கு மட்டும் நாலு ஓட்டம், நல்ல மூன்றுதான் கணக்கு.

மாங்குளம் சந்தி:
அண்ணை, அந்த வீடியோவில் நீங்கள் வைத்திருந்தது என்ன சாமான்? துவக்கு மாதிரியும் இல்லை, விளையாட்டுச் சாமான் மாதிரி நிறம் நிறமாக இருந்தது. எங்கள் அப்புவிடம் இருந்த இடியன் துவக்கைத் தூக்கவே இரண்டு பேர் வேணும்.

பி.கு. இதைப் பார்த்துவிட்டு யாராவது இங்கே வாயுத் துவக்கு வாங்கலாமா என்று கேட்கப் போகிறீர்கள். கேட்கவேண்டாம். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இன்னும் இருக்கிறது. பன்றி கலைக்கிற துவக்கு அனுமதிக்கே மாவட்டச் செயலகத்துக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த ஆள் நான்.

முள்ளியவளையான்:
ஹாஹா. அது ருகர் 10/22 என்ற றைபிள். 1964இல் வந்த மொடல், இன்னமும் செய்கிறார்கள். .22 சன்னம், உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, 40 கிரெய்ன் (இரண்டரைக் கிராம் அளவு) ஈயம். உதைப்பே இருக்காது. நான் வாங்கியபோது அது சாதாரண மரப் பிடியும் இரும்புக் குழலுமாகத்தான் இருந்தது, இப்போது உள்ளே இருக்கிற சட்டகத்தைத் தவிர எல்லாம் மாறிவிட்டது. மனிசி கேட்பாள், “அப்ப பழசு எங்க?” என்று. பதில் இல்லை.

முதலில் மாற்றவேண்டியது குழல். இரும்புக் குழலை எடுத்துவிட்டு, மெல்லிய எஃகுக்கு மேலே அலுமினிய உறை போட்ட குழல் போட்டேன். நீர் பார்த்த நீல நிறம் அதுதான். ஐந்து தகட்டுக்கு ஐந்து தரம் குழல் வாயை நிறுத்தவேணும். வாய் பாரமாக இருந்தால் தகட்டைத் தாண்டி ஓடிவிடும், இழுத்துத் திருப்பிக் கொண்டுவர நேரம் போகும். அதற்காக ஒரேயடியாக இலேசாக்கினாலும் பிழை, தகட்டில் நிற்காமல் நடுங்கும். நான் இரண்டு குழல் வாங்கி ஒன்றை விற்றபிறகுதான் இது விளங்கியது.

அடுத்தது குறிபார்க்கிற சிவப்புப் புள்ளிக் கண்ணாடி. தொலைநோக்கி வேண்டாம், உருப்பெருக்கம் இருந்தால் பக்கத்துத் தகடு கண்ணுக்குள் வராது. இரண்டு கண்ணும் திறந்திருக்கவேணும், தகட்டைப் பார்க்கவேணும், புள்ளி தானாக வந்து அதன்மேல் விழும். சின்னப் புள்ளி நல்லது என்று நினைத்து முதலில் 2 எம்ஓஏ (புள்ளியின் அளவைச் சொல்கிற அலகு) வாங்கினேன், வெயிலில் தேடித் தேடியே நேரம் போனது. இப்போது 6. 100 யாரில் 6 அங்குலத்தை மூடும், 20 யாரில் ஒன்றேகால் அங்குலம்தான். தகடு 10 அங்குலம். பெரிசென்று பயப்பட ஒன்றுமில்லை. புள்ளி இல்லாமல் இரும்புக் குறியால் சுடுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு.

விசை இலேசாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுபடுவதாகவும் இருக்கவேணும். பிடியின் நீளம் குறைவாக இருக்கட்டும், ஏனென்றால் றைபிளைத் தோளில் வைத்துக்கொண்டு தொடங்குவதில்லை, முன்னால் கீழே வைத்த ஒரு குறியை நோக்கித் தாழ்த்திப் பிடித்திருந்து பீப் அடித்ததும் தூக்குகிறோம். பிடி நீளமென்றால் கமக்கட்டில் சிக்கும். அதைவிட முக்கியம் சன்னம். .22இல் பற்றவைக்கிற மருந்து உறையின் அடி விளிம்புக்குள் இருக்கிறது, மலிந்த பெட்டியில் ஒன்றிரண்டில் விளிம்பு சரியாக நிரம்பியிருக்காது, “டிக்” என்று நின்றுவிடும். ஆயிரம் டொலர் துவக்கு, பத்துச் சதச் சன்னத்தால் நிற்கும்.

கனகராயன்குளம் வெல்டிங்:
தம்பி வவுனிக்குளம், துவக்குக் கதையை விடு. உன்ரை கோப்பையை எப்படித் தொங்கவிடப் போகிறாய்? கயிற்றில் கட்டினால் அடி விழுந்ததும் சுழன்று விளிம்பு காட்டி நிற்கும், அடுத்த அடிக்குக் குறி கத்தி மாதிரி இருக்கும். கம்பியில் இறுக்கிப் பூட்டு, மேல்பக்கம் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்திருக்கட்டும். அப்போதுதான் பட்டுத் தெறிக்கிறது நிலத்துக்குப் போகும், முகத்துக்கு வராது. இரும்புப் போல்ஸ் வேண்டாம், கண்ணாடிப் போளையும் வேண்டாம். களிமண் உருண்டை. குளத்து மண்ணை உருட்டி இரண்டு நாள் நிழலில் காயவிடு, வெயிலில் வைத்தால் வெடிக்கும். பட்டதும் தூளாகிவிடும், கண்ணுக்கும் பயமில்லை, கோப்பையில் மண் அடையாளமும் இருக்கும். கண்ணாடி எல்லாரும் போடவேணும், பார்க்க வருகிறவர்களும்.

முள்ளியவளையான்:
வெல்டிங் அண்ணை சொன்னது அப்படியே எங்கள் விதியிலும் இருக்கிறது, பார்க்க வருகிற ஆளுக்கும் கண்ணாடி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒவ்வோர் ஆள் சுட்டு முடித்ததும் தகட்டுக்கு வெள்ளை அடிப்போம். விளிம்பில் பட்டதா இல்லையா என்ற சண்டை அதோடு தீரும். நீங்கள் சுண்ணாம்பு பூசுங்கள்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
நான் இந்த இழையைப் பேசாமல்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கப் பிள்ளைகளையும் கூட்டிவரலாமா, பெண்பிள்ளைகளையும் சேர்த்து? ஒன்பது வயதும் வரும், பதினேழு வயதும் வரும். எல்லாரையும் ஒரே அட்டவணையில் போட்டால் சின்னதுகள் இரண்டாம் கிழமை வராதுகள். அமெரிக்காவில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

முள்ளியவளையான்:
தாராளமாகக் கூட்டிவாருங்கள் ரீச்சர். இங்கே என்னோடு சுடுகிறவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு, அறுபது தாண்டியவர்களும் உண்டு. அவர்களை வயதால் மட்டும் பிரிப்பதில்லை, தரத்தால் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் அமைப்புக்கும், ஒவ்வொரு துவக்குப் பிரிவுக்கும் ஓர் உச்ச நேரம், அதாவது ஆகக் கெதியான நேரம் வைத்திருக்கிறார்கள், அதுதான் 100 வீதம். குறைந்தது நாலு அமைப்பு சுட்டிருந்தால் தரம் போடுவார்கள். நாலுக்கும் உரிய உச்ச நேரத்தைக் கூட்டி, உங்கள் நேரத்தின் கூட்டுத்தொகையால் பிரிப்பார்கள். சும்மா ஓர் எண்: உச்சம் 40 செக்கன், நீங்கள் எடுத்தது 62.5. ஆக 64 வீதம். 95க்கு மேல் கிராண்ட் மாஸ்டர், 85க்கு மேல் மாஸ்டர், 75க்கு மேல் ஏ, 60க்கு மேல் பி, 40க்கு மேல் சி, கீழே டி. நான் மூன்று வருடமாகப் பி. அதைப்பற்றிக் கேட்கவேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள், ஒவ்வோர் அமைப்பின் வீதத்தையும் எடுத்துச் சராசரி போடுவதில்லை, செக்கனைக் கூட்டிவிட்டுத்தான் பிரிக்கிறார்கள். அதனால் நேரம் கூட எடுக்கிற அமைப்புக்குத் தானாகவே பாரம் கூட. ஸ்மோக் அண்ட் ஹோப்பில் அரைச் செக்கன் மிச்சம் பிடிக்க உயிரைவிடுவதைவிட அவுட்டர் லிமிட்ஸில் இரண்டு செக்கன் குறைப்பது சுகம். இது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கொப்பியும் பேனையுமாக இருந்து கண்டுபிடித்தேன்.

மாங்குளம் சந்தி:
75க்கு ஏ! ஓ.எல். சோதனை மாதிரியே இருக்கிறது. எனக்கு அங்கேயும் கடைசித் தரம்தான் கிடைக்கும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
இங்கே எழுத்து வேண்டாம். டி என்று ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதமாட்டேன், பள்ளிக்கூடத்தில் எழுதுவதே போதும். வீதம் மட்டும் எழுதுவோம். போன கிழமை 38, இந்தக் கிழமை 44, அது பிள்ளைக்கே விளங்கும். உச்ச நேரத்தை யார் வைப்பது என்பதுதான் என் கேள்வி. ஊரில் ஆகத் திறமானவனின் நேரத்தை வைத்தால் அவன் ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் அடித்தது எல்லாரையும் கீழே தள்ளிவிடும்.

முள்ளியவளையான்:
சரியான கேள்வி. முதல் மூன்று பேரின் நடு நேரத்தை எடுத்து ஒரு போகம் முழுக்க மாற்றாமல் வையுங்கள். இங்கே உச்ச நேரங்களை இடையிடையே திருத்துவார்கள், அன்றைக்கு இணையத்தில் ஒரு யுத்தமே நடக்கும்.

வவுனிக்குளத்தான்:
சனிக்கிழமை போட்டி நடந்தது. முதலில் நல்லதைச் சொல்கிறேன். போனில் ஒரு டைமர் செயலி போட்டோம். எனாமல் கோப்பை “டிங்” என்று மெல்லமாகச் சொல்லும், டிஸ்க் தட்டு “ணங்” என்று அந்தக் கரை வரைக்கும் கேட்கும். செயலியின் கூர்மையைக் குறைத்துக் குறைத்து, டிஸ்க் சத்தத்துக்கு மட்டும் நேரம் நிற்கிற மாதிரிச் செய்துவிட்டோம். அதாவது நிறுத்தற் தகடு உண்மையாகவே நிறுத்தியது! ஒரே ஒரு பிரச்சினை மயில். வாய்க்கால் பக்கம் ஒன்று நின்று கத்தியது, ஒரு பெடியனுக்கு 2.3 செக்கன் என்று காட்டியது. அவன் இன்னும் அது தன் நேரம் என்றுதான் சொல்லித்திரிகிறான்.

இனிக் கெட்டது. அண்ணை சொன்ன விதியை அப்படியே வைத்தோம். தவறினால் 3 செக்கன், உச்சம் 30. கெட்டிக்காரப் பெடியன் ஒருத்தன், எங்கள் ஊரில் கிளி கலைக்கிறதில் அவனை வெல்ல ஆள் இல்லை, நாலு கோப்பையையும் தட்டையும் ஒழுங்காக அடித்து 24.6 எடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து வந்தது ஒரு பத்து வயது. பீப் அடித்தது. கோப்பைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே டிஸ்க் தட்டுக்கு ஒன்று. “ணங்”. 4.8 செக்கன். கெற்றப்போலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறான். நாலு கோப்பை தவறியதற்கு 12. மொத்தம் 16.8. அவன் முதலாம் இடம்! தகப்பன்காரன் “விதியில இருக்கோ இல்லையோ” என்று என் சேட்டைப் பிடிக்காத குறை.

மாங்குளம் சந்தி:
அந்தப் பெடியனைக் கணக்காளனாக்குங்கோ.

வவுனிக்குளத்தான்:
பகிடி இல்லை மச்சான். அவனைத் தள்ளுபடி செய்தால் அநியாயம், வைத்தாலும் அநியாயம். பிறகு வந்த எல்லாரும் அதையே செய்தார்கள், நாலு கோப்பையும் வெள்ளையாகவே தொங்கின.

முள்ளியவளையான்:
பிழை என்னுடையது. எண்ணைச் சொன்னேன், எண் எதற்காக என்று சொல்லவில்லை. றைபிளில் ஒரு தகடு தவறினால் திருப்பி அடிக்க எனக்கு அரைச் செக்கன்கூட ஆகாது. தண்டம் 3. அரைச் செக்கனைக் கொடுத்து 3 செக்கனைக் காப்பாற்றுவதென்றால் யார்தான் திருப்பி அடிக்கமாட்டான்? அதனால் எவனும் தகட்டை விட்டுவிட்டுப் போவதில்லை. நான் முதல் வெடியையே நிறுத்தற் தகட்டில் போட்டால் ஒரு செக்கனும் பன்னிரண்டுமாகப் பதின்மூன்று, ஒழுங்காகச் சுட்டால் மூன்று. ஏமாற்றுவது நட்டம்.

கெற்றப்போலில் உருண்டை எடுத்து, தோலில் வைத்து, இழுத்து விட 5 செக்கன் போகிறது. பாதி தவறுகிற பிள்ளைக்கு ஒரு கோப்பையை விழுத்தச் சராசரி இரண்டு உருண்டை, 10 செக்கன். 3 செக்கன் கட்டிவிட்டுப் போவதுதான் இலாபம். பெடியன் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். ஆக தண்டம் 10ஐ விடக் கூட இருக்கவேணும், 15 வையுங்கள். உச்சமும் 30 போதாது. ஐந்து தகட்டுக்குப் பாதி தவறுகிறவன் 50 செக்கன் எடுப்பான், 30இல் வெட்டினால் முயற்சி செய்தவனும் சும்மா நின்றவனும் ஒன்று.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
ஒரு பிள்ளைக்கு 50 செக்கன், ஐந்து ஓட்டம், இருபது பிள்ளை. எண்பது நிமிசத்துக்கு மேல், அதுவும் உருண்டை பொறுக்கி சுண்ணாம்பு பூசுகிற நேரம் இல்லாமல். பொழுதுபட்டுவிடும், யானை வருகிற பக்கம் அது. தகட்டைக் குறையுங்கள். இரண்டு கோப்பையும் டிஸ்க்கும் போதும், நீங்கள் சொன்ன அந்த அவுட்டர் லிமிட்ஸ் மாதிரி நாலு ஓட்டம், நல்ல மூன்று. ஓட்டத்துக்கு 30 செக்கன் என்று வைத்தால் நாற்பது நிமிசத்தில் முடியும்.

முள்ளியவளையான்:
ரீச்சர் சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். மூன்று தகடு, தண்டம் 15: பாதி தவறுகிற பிள்ளை எல்லாத்தையும் அடிக்க முயன்றால் சராசரி 30. டிஸ்க்கை மட்டும் அடிக்கிற பிள்ளைக்கு அதற்கே சராசரி 10, தண்டம் 30, மொத்தம் 40. ஆக முயற்சி செய்கிறவன் வெல்கிறான். உச்சம் 60 வையுங்கள்.

கனகராயன்குளம் வெல்டிங்:
அந்த 5 செக்கனையும் குறைக்கலாம். உருண்டையைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துத் துழாவுகிறார்கள், அதில் பாதி நேரம். இடுப்பில் பால்மா ரின் ஒன்று கட்டு, வாய் திறந்தபடி. றப்பரும் பார். சைக்கிள் ரியூப் தடிப்பாக வெட்டினால் சின்னப் பிள்ளையால் இழுக்க ஏலாது, கை நடுங்கி இடப்பக்கம் போகும். அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கவட்டைக் கம்பு கொய்யா நல்லது, ஆனால் பாரமாகக் கிடந்தால் அண்ணை சொன்ன குழல் கதைதான், கோப்பையைத் தாண்டி ஓடும்.

வவுனிக்குளத்தான்:
நேற்றுப் புது விதியில் நடத்தினோம். கிளி கலைக்கிறவன் மூன்று ஓட்டமும் சேர்த்து 46.2, முதலாம் இடம். ரீச்சர் கூட்டிவந்த பிள்ளை ஒன்று, பதின்மூன்று வயது, 51.9, ஒரு கோப்பைகூட விடவில்லை. பால்மா ரின் வேலை செய்கிறது வெல்டிங் அண்ணை. அம்மாவும் வந்து வரம்பில் இருந்து பார்த்தா, டிஸ்க் தட்டுச் சத்தம் கோயில் மணி மாதிரி இருக்கிறதாம்.

பத்து வயதுக்காரன் இந்த முறை டிஸ்க்குத் தந்திரத்தை விட்டுவிட்டான். கோப்பை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து ஒரு தோலில் இரண்டு உருண்டையைச் சேர்த்து வைத்து இழுத்தான். இரண்டாவது ஓட்டத்தில் இரண்டும் பட்டது. செல்லுமா செல்லாதா? தகப்பன் வாசலில் நிற்கிறார், கெதியாகச் சொல்லுங்கோ.

முள்ளியவளையான்:
ஓட்டத்தை எழுதும். நாளையில் இருந்து கோப்பைக்குக் கோப்பை பத்துக் காலடி இடைவெளி.